மாதா மாதம் வருவதெல்லாம் இலாபமா?
கனடாவின் பங்கிலாப நிதியங்கள்: ஒரு வியாபாரியின் கணக்கு

ஸ்காபரோவில் பிள்ளைகளோடு இருக்கும் என் மச்சான் அண்மையில் தொலைபேசி எடுத்தார். சுகம் விசாரித்து முடிந்ததும் நேரே விடயத்துக்கு வந்தார். "மச்சான், மாசா மாசம் வார சல்லியும் கொறயுது, முதலும் கொறயுது. இது என்ன யாவாரம்?" என்று கேட்டார்.

அவர் முப்பது வருடம் புறக்கோட்டையில் புடவை வியாபாரம் செய்தவர். கணக்கில் விட்டுக்கொடுக்க மாட்டார். பிள்ளைகளோடு போய்ச் சேர்ந்த பின், கடை விற்ற பணத்தில் 200,000 கனேடிய டொலரை 2014 ஆம் ஆண்டு ஒரு முகவர் மூலம் நிதியம் ஒன்றில் போட்டார். வட்டி வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லியிருக்கிறார். "இது வட்டியல்ல, கம்பனிகள் தரும் பங்கிலாபம். வருடத்துக்கு 8 சதவீதம், மாதம் தவறாமல் வரும்" என்று பதில் வந்திருக்கிறது. முதல் வருடம் மாதம் 1,333 டொலர் வந்தது. பத்து வருடம் கழித்து அது சுமார் 980 டொலராகியிருந்தது. 200,000 ஆக இருந்த முதல் சுமார் 147,000 ஆகியிருந்தது.

யாரும் களவெடுக்கவில்லை. பத்திரங்களை வாங்கிப் பார்த்தேன். எல்லாம் எழுதித்தான் இருக்கிறது, ஆனால் வாசிப்பவர் யார்? வெளிநாட்டில் பிள்ளைகள், மருமக்கள் இல்லாத வியாபாரக் குடும்பம் இன்று நம்மிடையே குறைவு. அவர்களிடமிருந்து இப்படியான கேள்வி உங்களுக்கும் வரலாம். ஆகவே கனடாவின் பங்கிலாப நிதியங்களைப் பற்றி எனக்கு விளங்கியதை இந்த வாரம் எழுதுகிறேன்.

மச்சானுக்கு நடந்தது என்ன?

அந்த நிதியம் செலவு கழித்து வருடத்துக்கு ஏறக்குறைய 5 சதவீதம்தான் உழைத்தது. ஆனால் ஒவ்வொரு வருட ஆரம்பத்திலும் உள்ள பெறுமதியில் 8 சதவீதத்தைப் பகிர்ந்தளித்தது. மிகுதி 3 சதவீதம் எங்கிருந்து வந்தது? மச்சானுடைய முதலிலிருந்துதான். வருடத்துக்கு 3 சதவீதம் வீதம் பத்து வருடம் குறைத்துப் பாருங்கள். 200,000 டொலர் 147,000 டொலருக்கு வந்து நிற்கும். குறைந்த முதலின் 8 சதவீதமும் குறைவுதானே? அதனால்தான் மாதக் காசும் குறைந்தது.

இதற்குப் பெயர் 'மூலதனத் திருப்பம்'. நம் காசை நமக்கே தருவது. கல்லாவிலிருந்து எடுத்த காசை வீட்டுக்குக் கொண்டுபோய், "இன்று நல்ல வியாபாரம்" என்று சொல்லும் கடைக்காரனுக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

கனடாவில் இதைக் கண்டுபிடிக்க இலகுவான வழியொன்று உண்டு. வரிக் கணக்கில் வைத்திருக்கும் நிதியமாக இருந்தால், வருடா வருடம் ரி3 என்ற வரிப் பத்திரம் வரும். அதில் 42 ஆம் பெட்டியில் உள்ள தொகைதான் பெரும்பாலும் இப்படித் திருப்பித் தரப்பட்ட முதல். அந்தப் பெட்டியில் வருடா வருடம் பெரிய தொகை இருந்து, நிதியத்தின் அலகு விலையும் இறங்கிக்கொண்டே வந்தால், நீங்கள் தின்பது பழத்தையல்ல, மரத்தை.

'பங்கிலாப வீதம்' என்னும் தராசு

பங்கிலாபத்தைப் பங்கின் விலையால் பிரித்தால் வருவதே பங்கிலாப வீதம். 100 டொலர் பங்குக்கு வருடம் 4 டொலர் கொடுத்தால் 4 சதவீதம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பங்கின் விலை 50 டொலருக்கு விழுந்தால் அதே 4 டொலர் 8 சதவீதமாகத் தெரியும். கம்பனி ஒரு சதம்கூடக் கூட்டவில்லை. விலை இறங்கியதால் வீதம் ஏறியது, அவ்வளவுதான்.

கெய்சர் வீதியில் ஒரு கடையைச் சுற்றுவட்டாரத்தில் இல்லாத மலிவு விலைக்கு ஒருவர் தர முன்வந்தால் நாம் என்ன செய்வோம்? சந்தோசப்படுவதற்கு முன், உறுதியில் வில்லங்கமா, குடியிருப்பவர் வாடகை கட்டுவதில்லையா என்று விசாரிப்போம். பங்கு விடயத்தில் மட்டும் 8, 10, 12 என்ற இலக்கத்தைக் கண்டதும் அந்த விசாரணையை மறந்துவிடுகிறோம்.

கனடாவில் நடந்தவற்றைப் பாருங்கள். 'இன்கம் ட்ரஸ்ட்' எனப்படும் வருமான நம்பிக்கைப் பொறுப்புகள் 2000 களின் ஆரம்பத்தில் அங்கு பெரும் மோகமாக இருந்தன. உழைப்பதில் பெரும்பகுதியைக் கம்பனி வரி இல்லாமல் மாதா மாதம் பகிர்ந்தன. 2006 ஒக்டோபர் 31 ஆம் திகதி அன்றைய நிதியமைச்சர் ஜிம் பிளாஹர்ட்டி இவற்றுக்கும் வரி வரும் என்று அறிவித்தார். மறுநாள் சந்தையில் அவற்றின் விலைகள் சரிந்தன. ஓய்வுபெற்ற பலர் ஒரே இரவில் நட்டப்பட்டார்கள். உயர்ந்த வீதத்துக்குப் பின்னால் இருந்த காரணம் ஒரு வரிச் சலுகை. சலுகை போனதும் வீதமும் போனது.

அப்படிப் பெரிய நம்பிக்கைப் பொறுப்பாக இருந்து கம்பனியாக மாறியதுதான் மஞ்சள் பக்கத் தொலைபேசி விபரக்கொத்து வெளியிட்ட யெலோ மீடியா. இணையம் வந்ததால் அதன் வியாபாரம் தேய்ந்தது. 2011 ஆம் ஆண்டு பங்கிலாபத்தை முதலில் வெட்டி, பிறகு முழுதாக நிறுத்தியது. மின், நீர் விநியோகத்தில் உள்ள அல்கொன்குவின் கம்பனி 2023 இலும் 2024 இலும் இருமுறை வெட்டியது. மிகப் பெரிய உதாரணம் பெல் தொலைபேசியின் தாய்க் கம்பனியான பீ.சீ.ஈ. விதவைகளும் அனாதைகளும்கூட நம்பி வாங்கலாம் என்று பெயரெடுத்த பங்கு. 2025 மே மாதம் வருடப் பங்கிலாபத்தை ஒரு பங்குக்கு 3.99 டொலரிலிருந்து 1.75 டொலராகக் குறைத்தது. வெட்டுவதற்கு முன் அதன் பங்கிலாப வீதம் 12 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அந்த இலக்கமே ஓர் எச்சரிக்கை மணி. அதற்கு முந்திய வருடம் செலவெல்லாம் போகக் கையில் மிஞ்சிய காசைவிடக் கூடுதலான தொகையை அது பங்கிலாபமாகக் கொடுத்திருந்தது.

எனவே முதல் பாடம் இது: வீதத்தைப் பார்ப்பதற்கு முன், உழைப்பில் எத்தனை பங்கு பகிரப்படுகிறது என்று பாருங்கள். 100 டொலர் உழைத்து 50 கொடுப்பவனுக்கு மூச்சுவிட இடமுண்டு. 100 உழைத்து 110 கொடுப்பவன் கடன்பட்டுக் கந்தூரி நடத்துபவன்.

கனடாவில் ஏன் பங்கிலாபம் பெயர் பெற்றது?

காரணம் எளிது. அந்நாட்டுப் பங்குச் சந்தையில் பெரும் இடம் பிடித்திருப்பவை வங்கிகள், எண்ணெய் மற்றும் எரிவாயு, குழாய்வழிக் கம்பனிகள், மின்சாரம், தொலைபேசி. இவை பழுத்த தொழில்கள். புதிதாக விரிவதற்குத் தேவையானது போக மிஞ்சுவதைப் பங்காளிகளுக்குக் கொடுக்கும் வழக்கமுடையவை. மொன்றியல் வங்கி 1829 ஆம் ஆண்டிலிருந்து இடைவிடாமல் பங்கிலாபம் கொடுத்து வருகிறது. கனேடியன் யூட்டிலிட்டீஸ், போர்ட்டிஸ் ஆகிய இரண்டும் ஐம்பது வருடமாகத் தொடர்ந்து பங்கிலாபத்தைக் கூட்டியவை. கனேடியன் நெஷனல் புகையிரதக் கம்பனி 1995 இல் தனியார்மயமாகிச் சந்தைக்கு வந்த பின் வருடா வருடம் கூட்டி வந்திருக்கிறது.

2008 ஆம் ஆண்டு ரொறன்ரோ சந்தைச் சுட்டெண் சுமார் 35 சதவீதம் விழுந்தது. அந்த நெருக்கடியிலும் ஆறு பெரிய வங்கிகளில் ஒன்றாவது பங்கிலாபத்தை வெட்டவில்லை. ஆனால் ஆயுள் காப்புறுதிக் கம்பனியான மனுலைப் 2009 இல் பாதியாக வெட்டியது. 2020 இல் பெருந்தொற்று வந்தபோது வங்கிகள் பங்கிலாபத்தைக் கூட்டக் கூடாது என்று மேற்பார்வை அதிகாரசபை கட்டளையிட்டது. 2021 நவம்பர் வரை அது நீடித்தது. எண்ணெய்க் கம்பனியான சன்கோர் அதே 2020 இல் பாதிக்கு மேல் வெட்டி, 2021 இல் பழைய நிலைக்குக் கொண்டுவந்தது. ஒரு கம்பனியை நம்பியிருந்தால் தலையில் இடி. ஐம்பது அறுபது கம்பனிகளில் பரவியிருந்தால் தாங்கலாம். நிதியத்தின் பயன் இதுதான்.

நிதியங்களைப் பிரித்துப் பார்ப்போம்

இரண்டு வகை உண்டு. வங்கிக் கிளைகளிலும் முகவர்களிடமும் விற்கப்படும் பழைய பரஸ்பர நிதியங்கள் ஒன்று. பங்குச் சந்தையில் பங்கைப்போல் வாங்கி விற்கும் ஈ.ரி.எப். நிதியங்கள் மற்றையது. பழைய வகையில் வருடச் செலவு 2 சதவீதத்தை அண்டியிருப்பது சாதாரணம். அதில் ஏறக்குறைய 1 சதவீதம் விற்றவருக்கு வருடா வருடம் போகும் தரகு. ஈ.ரி.எப். வகையில் மலிவானவை சுமார் 0.2 சதவீதத்துக்குக் கிடைக்கின்றன.

2 சதவீதம் சிறிய இலக்கமாகத் தெரியும். கணக்கைப் பாருங்கள். 100,000 டொலர் செலவுக்கு முன் வருடம் 7 சதவீதம் உழைக்கிறது, பங்கிலாபத்தையும் திரும்பப் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 0.2 சதவீதச் செலவில் 25 வருடத்தில் சுமார் 518,000 டொலர். 2 சதவீதச் செலவில் சுமார் 339,000 டொலர். வித்தியாசம் 179,000 டொலர். போட்ட முதலைவிடக் கூடிய தொகை செலவாகவே போய்விடுகிறது.

இனி, எந்தச் சட்டத்தின்படி கம்பனிகளைப் பொறுக்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பெயர்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே சரக்கு வேறு.

2012 இல் தொடங்கிய வான்கார்டின் வீ.டீ.வை. நிதியம் அதிக பங்கிலாபம் தரும் கம்பனிகளை அளவுக்கேற்ப வாங்குகிறது. செலவு குறைவு. ஆனால் பாதிக்கு மேல் வங்கி, காப்புறுதித் துறையிலேயே இருக்கிறது. ஐஷெயார்ஸின் எக்ஸ்.ஈ.ஐ. 2011 இல் வந்தது. ஏறக்குறைய 75 கம்பனிகள். ஒரு கம்பனிக்கு 5 சதவீதம், ஒரு துறைக்கு 30 சதவீதம் என்ற வரம்பு வைத்திருக்கிறது. ஆகவே பரவல் கூடுதல். இதன் செலவும் சுமார் 0.2 சதவீதம்தான். அதே நிறுவனத்தின் சீ.டீ.ஸெட். குறைந்தது ஐந்து வருடமாகப் பங்கிலாபத்தை வளர்த்து வந்த கம்பனிகளைத் தேடுகிறது. கருத்து நல்லது. செலவு சுமார் 0.66 சதவீதம், அதாவது மூன்று மடங்கு.

நான்காவது ஒரு வகை இப்போது பெரிதும் விளம்பரமாகிறது. 'கவர்ட் கோல்' நிதியங்கள். மொன்றியல் வங்கிக் குழுமத்தின் இசட்.டபிள்யூ.சீ. போன்றவை. பங்குகளை வைத்துக்கொண்டு, "விலை இந்த அளவுக்கு மேல் ஏறினால் அந்த ஏற்றம் உனக்கு" என்ற உரிமையை இன்னொருவருக்கு விற்று முற்பணம் வாங்குவார்கள். உங்கள் கடையை இன்றைய விலைக்குச் சற்று மேலான விலையில் வாங்கும் உரிமையை ஒருவருக்கு எழுதிக்கொடுத்து முற்பணம் வாங்குவதைப் போன்றது. விலை ஏறினால் இலாபம் அவருக்கு. விழுந்தால் நட்டம் முழுக்க உங்களுக்கு. முற்பணம் மட்டும் ஆறுதல். இதனால்தான் இவற்றின் மாதப் பகிர்வு பெரிதாகவும் நீண்டகால வளர்ச்சி குறைவாகவும் இருக்கும். செலவும் 0.7 சதவீத அளவில் இருக்கிறது. முதுமையில் செலவுக்குக் காசு வேண்டுபவர் ஒரு பகுதியை இதில் வைப்பது வேறு. நாற்பது வயதுக்காரர் நீண்டகாலச் சேமிப்பு என்று இதை வாங்குவது வேறு.

நாலா, எட்டா?

வளர்ச்சியின் பெறுமதியை ஒரு கணக்கால் பார்ப்போம். இரண்டிலும் 100,000 டொலர். முதல் நிதியம் 4 சதவீதம் தருகிறது, ஆனால் பங்கிலாபம் வருடம் 6 சதவீதத்தால் வளர்கிறது. இரண்டாவது 8 சதவீதம் தருகிறது, வளர்ச்சியே இல்லை.

முதலாவது 4,000 டொலரில் தொடங்கி, 12 வருடம் போனதும் 8,000 டொலரைத் தொடும். 20 வருடம் போனால் சுமார் 12,800 டொலர். இரண்டாவது அன்றும் 8,000, இன்றும் 8,000. கணக்கை மறைக்கக் கூடாது: முதல் 20 வருடத்தில் கைக்கு வந்த மொத்தக் காசு முதலாவதில் 147,000, இரண்டாவதில் 160,000. காசாகப் பார்த்தால் இரண்டாவதுதான் கொஞ்சம் கூட. ஆனால் பங்கிலாப வீதம் அதே 4 சதவீதத்தில் நின்றால் முதலாவதின் முதல் 320,000 டொலராகியிருக்கும். இரண்டாவதின் முதல், குறையாமல் இருந்தால், அதே 100,000. 2022 இல் கனடாவின் சராசரிப் பணவீக்கம் 6.8 சதவீதம். அப்படியொரு வருடத்தில் அசையாத 8,000 டொலர் எவ்வளவு மெலிகிறது என்று வீட்டுச் செலவு பார்ப்பவருக்குத் தெரியும்.

எழுபத்தைந்து வயதுக்காரருக்கு இன்றைய காசு முக்கியம். ஐம்பது வயதுக்காரருக்கு நாளைய காசு முக்கியம். நிதியத்தைப் பொறுக்குவதற்கு முன் நம் வயதைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும்.

வரி விடயம்

கனடாவில் வசிப்பவர்களுக்கு 2009 முதல் ரி.எப்.எஸ்.ஏ. என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கு உண்டு. ஆரம்பத்திலிருந்து தகுதி பெற்றவருக்கு 2025 வரையான மொத்த வரம்பு 102,000 டொலர். பின்னர் குடியேறியவருக்கு, போய்ச் சேர்ந்த வருடத்திலிருந்துதான் கணக்கு. உள்ளே வரும் பங்கிலாபத்துக்கும் விலையேற்றத்துக்கும் வரியில்லை. கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனி வரம்பு. முதலில் நிரப்ப வேண்டியது இதைத்தான். மச்சான் பத்து வருடமும் இதைத் திறக்கவேயில்லை!

அதற்கு வெளியே வைத்தால், கனேடியக் கம்பனிப் பங்கிலாபத்துக்கு வரிக் கழிவு உண்டு. வேறு வருமானம் குறைந்தவருக்கு வரி மிகக் குறைவாகவே வரும். ஆனால் முதியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தகுதியுள்ள பங்கிலாபத்தை 38 சதவீதம் கூட்டித்தான் வருமானமாகக் காட்ட வேண்டும். 1,000 டொலர் வந்தால் 1,380 டொலர் என்று எழுதப்படும். குறைந்த வருமான முதியோருக்கு அரசு தரும் மேலதிக உதவித் தொகை இந்தப் பெருத்த இலக்கத்தை வைத்தே குறைக்கப்படும். வரி மிச்சம் என்று போட்டு, உதவித் தொகையை இழந்தவர்கள் உண்டு. ரி.எப்.எஸ்.ஏ. கணக்கில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

இலங்கையில் இருக்கும் நமக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வெளிநாட்டில் வசிப்பவரின் பங்கிலாபத்தில் கனடா பொதுவாக 25 சதவீதத்தைப் பிடித்துக்கொள்ளும். வரி ஒப்பந்தம் இருந்தால் அது குறையும். இங்கிருந்து முதலீட்டுக்குப் பணம் அனுப்புவதும் 2017 ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்கும் மத்திய வங்கி விதிகளுக்கும் உட்பட்டது. "உண்டியலில் அனுப்பிப் போடு" என்று சொல்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

வட்டியை விட்டு ஓடி...

மச்சானுக்கு நான் சொல்லத் தயங்கிய விடயம் இது. வட்டி வேண்டாம் என்றுதான் அவர் வைப்புக் கணக்கை விட்டுப் பங்கிலாபத்துக்கு வந்தார். அவருடைய நிதியத்தின் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் பத்துக் கம்பனிகளில் பாதிக்கு மேல் வங்கிகளும் காப்புறுதியும். வட்டி வாங்காமல் வட்டிக் கடையில் பங்காளியாகியிருக்கிறார்!

மேலே சொன்ன மூன்று பங்கிலாப ஈ.ரி.எப். நிதியங்களிலும் வங்கிகள் உண்டு, அளவுதான் வேறு. வங்கிகளை எடுத்துவிட்டாலும் குழாய்வழி, மின்சாரம், தொலைபேசிக் கம்பனிகள் பெருங்கடனில் இயங்குபவை. வட்டிக் கடன் சந்தைப் பெறுமதியின் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது போன்ற ஷரீஆ சல்லடையில் பலவும் தேறாது. கவர்ட் கோல் போன்ற உரிமை விற்பனையையும் பெரும்பாலான அறிஞர்கள் அனுமதிப்பதில்லை. எண்ணெய், சுரங்கம், உரம், புகையிரதம் போன்றவற்றில் தேறும் வாய்ப்புக் கூட. ரொறன்ரோ சந்தையின் 60 பெரிய கம்பனிகளிலிருந்து ஷரீஆ முறையில் வடித்தெடுத்த சுட்டெண் 2009 இலிருந்து இருக்கிறது. உலகக் கம்பனிகளில் ஷரீஆ முறைப்படி முதலிடும் ஈ.ரி.எப். ஒன்றை வெல்த்சிம்பிள் நிறுவனம் 2021 இல் அங்கு தொடங்கியது. ஆனால் பேணுதலாகப் போனால் பங்கிலாப வீதம் குறையும். பெரிய மாத வருமானமும் பேணுதலும் ஒன்றாகக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். குறைந்த பங்கிலாபத்தோடு, தேவைக்கேற்ப வருடத்துக்குச் சில அலகுகளை விற்றுச் செலவு செய்வதும் ஒரு வழிதான். அதில் எவ்வளவு முதல் போகிறது என்று நமக்குத் தெரிந்தே போகும்.

மச்சானுக்குச் சொன்னது

ஐந்து கேள்விகளைத் தாளில் எழுதி, முகவரிடம் பதில் எழுதி வாங்கச் சொன்னேன். ஒன்று, பகிர்ந்த தொகையில் எத்தனை சதவீதம் கம்பனிகளிடமிருந்து வந்த உண்மையான பங்கிலாபம்? இரண்டு, பத்து வருடத்துக்கு முன் அலகு விலை என்ன, இன்று என்ன? மூன்று, வருடச் செலவு எவ்வளவு, அதில் உங்களுக்கு எவ்வளவு? நான்கு, முதல் பத்துக் கம்பனிகள் எவை? ஐந்து, இப்போது வெளியேறினால் தண்டப் பணம், வரி உண்டா?

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. வெளியேறத் தண்டப் பணம் இல்லை. மகனோடு உட்கார்ந்து ரி.எப்.எஸ்.ஏ. கணக்கைத் திறந்திருக்கிறார். இருப்பதைப் படிப்படியாகச் சல்லடையில் தேறிய, செலவு குறைந்த நிதியத்துக்கு மாற்றுகிறார். மாதம் 980 டொலர் இனி வராது. "பரவாயில்ல மச்சான், இனி எடுக்கிறது எவ்வளவு, மிச்சம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியும்தானே" என்றார்.

போன பத்து வருடம் திரும்பி வராது. ஆனால் மரக்கறிக் கடையில் நிறுவை பார்க்கும் நாம், வாழ்நாள் உழைப்பைப் போடும் இடத்தில் நிறுவை பார்க்காமல் விடலாமா? உங்கள் உறவினர் யாராவது "மாதா மாதம் நல்லா வருது" என்று சந்தோசமாகச் சொன்னால், அடுத்த முறை பேசும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: முதல் எவ்வளவு நிற்கிறது?